ஒட்டுவதற்கு முன் ஒருமுறை திருப்பிக் கொடுங்கள்

இதை எழுதித்தான் ஆக வேண்டுமா என்று நெடுநாள் தயங்கினேன். சென்ற வாரம் செம்பூரில் ஒரு கடையில் கண்ட காட்சி அத்தயக்கத்தைப் போக்கிவிட்டது. ஒரு பெண்மணி தம் திறன்பேசியை நீட்டினார். கடைப் பணியாளர் தம் காதிலிருந்த இசைக்கருவியைக் கழற்றாமலேயே அதை வாங்கினார்; துடைத்தார்; காப்புக் கண்ணாடியை ஒட்டினார்; நீட்டினார். இருவருக்குமிடையே ஒரு சொல்கூடப் பிறக்கவில்லை. அப்பெண்மணி வாசலைத் தாண்டியதும் திரும்பி வந்தார்.

"விரல் வெச்சா தொறக்க மாட்டேங்குதே, பையா."

"நயா கிளாஸ் ஹை, மேடம். புதுசுல்ல, பழகிடும்."

கண்ணாடி பழகாது, இளையோரே. அது உயிரற்ற பொருள். பழக வேண்டியவர் அந்தப் பெண்மணி என்று அப்பணியாளர் கருதியிருந்தால், அது இன்னும் பெரிய பிழை. நம் தொழிலைத் துடை, ஒட்டு, அனுப்பு என்ற மூன்று சொற்களுக்குள் அடக்கிவிட்டீர்கள். கேள் என்ற நான்காவது சொல் எங்கே போயிற்று என்பதை நினைவூட்டவே இக்குறிப்பு.

நம் வணிகர் குழுவில் சிலர், "அண்ணாச்சி, எழுத வேணாம், வாய்ஸ் மெசேஜா போடுங்க" என்று வேண்டினீர்கள். போட மாட்டேன். குரல்பதிவை நீங்கள் இரட்டை விரைவில் ஓடவிட்டுக் கேட்பீர்கள் என்பதை அறிவேன். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்க வராதவர்கள் வீட்டில் யாரையேனும் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கும் பொழுது போகும்.

குமிழி எழாமல் ஒட்டுவது எவ்வாறு என்பதை நான் விளக்கப் போவதில்லை. அதற்கென்று உங்களிடம் இப்போது பொருத்தி ஒட்டும் சட்டமும் பசையும் அதை உலர்த்தும் நீல விளக்கும் இருக்கின்றன. திரையின்மேல் வாயால் ஊதாதீர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். சொல்லியும் ஊதுவீர்கள். நான் ஓய்வு பெற்றதற்கு முதுகுவலி பாதிக் காரணம். ஊதுபவர்களைப் பார்த்துக்கொண்டிருக்க இயலாமை மறுபாதிக் காரணம்.

மாட்டுங்காவில் சொந்தக் கடை வைக்குமுன் நான் ஒருவரிடம் பணியாற்றினேன். பெயர் வேண்டாம். கைக்கடிகாரங்களுக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தவர். திறன்பேசிகள் பெருகியபின் கண்ணாடி ஒட்டத் தொடங்கினார். அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பொருளை வாங்குவார், விலை பேசுவார், எல்லாம் முடிந்து ஒட்டப் போகும் தறுவாயில், அதை உரியவர் கையிலேயே ஒருமுறை திருப்பிக் கொடுப்பார். "சும்மா ஒரு தடவ பாத்துக்கோங்க" என்பார். வாடிக்கையாளர் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் வழக்கம்போல் எதையாவது திறந்து பார்ப்பார். எங்கள் ஆசானோ பொருளைப் பார்ப்பதில்லை, கையைப் பார்ப்பார். எந்தக் கையில் பிடிக்கிறார், கண்ணிலிருந்து எவ்வளவு தொலைவில் வைக்கிறார், கட்டைவிரல் எங்கே போகிறது, எதன்மீது சாய்த்து வைக்கிறார் என்பதைப் பார்த்துவிட்டு, எந்தக் கண்ணாடி என்று முடிவு செய்வார். சில வேளை ஒன்றும் ஒட்டாமலே அனுப்பிவிடுவார்.

வரிசையில் ஆட்கள் நிற்கும்போது இந்தச் சடங்கு எதற்கு என்று எனக்கு அப்போது சலிப்பாகத்தான் இருந்தது. கேட்டால் தெரிந்துவிடாதா என்றேன். "கேட்டா, என்ன சொல்லணும்னு நெனைக்காங்களோ அதச் சொல்லுவாங்க" என்றார். அவ்வளவுதான். அவர் நீளமாகப் பேசுபவர் அல்லர். பிறகு என் சொந்தக் கடையிலும் அவ்வழக்கத்தைக் கைக்கொண்டேன். இனி நான் சொல்லப் போகும் நிகழ்ச்சியில்தான் அது ஒரே ஒருமுறை கைவிடப்பட்டது. கைவிடப்பட்டதற்குக் காரணம் ஒரு பொட்டு.

மாட்டுங்காவில் கடை வைத்திருப்போர் அனைவரும் இதை அறிவீர்கள். புதுத் திறன்பேசி வாங்குபவர்களுள் ஒரு சாரார் நேரே நம்மிடம் வருவதில்லை. முதலில் கோயிலுக்குப் போகிறார்கள். சாமியின் காலடியில் வைத்து, குருக்கள் கையால் திரையின்மேல் சந்தனமும் குங்குமமும் இட்டு வாங்கிக்கொண்டு, அதன்பின் நம்மிடம் வருகிறார்கள். காற்றில் மிதக்கும் ஒரு தூசிக்கே மின்விசிறியை நிறுத்தும் நம்மிடம், குங்குமத்தோடு வருகிறார்கள். பக்தியில் எனக்குக் குறையில்லை. ஆனால் குங்குமம் என்பது என்ன? நுண்ணிய பொடி. ஒலிபெருக்கியின் துளைகளுக்குள் அது புகுந்தால் முருகனே வந்தாலும் முழுதும் வெளியே எடுக்க இயலாது.

அன்று நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் ஒரு மாமி வந்தார். பின்னால் அவர் மகள். உள்ளே என் கூட்டாளி செல்லத்துரை இருந்தார். தாராவியிலிருந்து வருபவர், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், கைவேகத்தில் என்னை விஞ்சியவர், வாய்வேகத்திலும் அவ்வாறே. மாமி உள்ளங்கையில் தட்டுப்போல் ஏந்தி வந்த திறன்பேசியைக் கண்டதும் அவர் எனக்கு மட்டும் கேட்கும்படி, "அண்ணாச்சி, அபிஷேகம் ஆயி வந்திருக்கு" என்றார்.

புத்தம் புதிய கருவி. திரையின் மேல்விளிம்பில், நடுவில், காய்ந்தும் காயாத சந்தனம், அதன்மேல் குங்குமம். அந்த இடத்தில்தான் முன்பக்கப் படக்கருவியின் கண் இருந்தது. அளவெடுத்து வைத்ததுபோல் அதை மறைத்திருந்தது.

"இதுக்கு அந்த பிரைவசி கிளாஸ் போட்டுடுங்கோ, சார்" என்றார் மாமி. "ட்ரெயின்ல பக்கத்துல நிக்கறவாள்ளாம் எட்டி எட்டிப் பாக்கறா. பொண்ணு கையில இருக்கற ஃபோன், கேட்டேளா. ஜல்தி. நாலு மணிக்கு இவளுக்கு இன்டர்வியூ, வீடியோ கால்ல. பழைய ஃபோன் நேத்திக்குக் கீழ விழுந்து போயிடுத்து. இவ தம்பி லாப்டாப்பைத் தூக்கிண்டு புனே போயிட்டான். இந்த ஃபோன்தான் கதி."

மறைப்புக் கண்ணாடியை நீங்கள் அறிவீர்கள். நேரே பார்ப்பவருக்குத் திரை தெரியும்; பக்கவாட்டில் நிற்பவருக்கு இருட்டாகத் தெரியும். மாமியின் வேண்டுகோளில் பிழையொன்றும் எனக்குத் தென்படவில்லை. அந்த வகைத் திறன்பேசிக்கு எங்களிடம் இருந்த கண்ணாடியும் அது ஒன்றுதான். பொட்டுத்தான் தென்பட்டது.

"அம்மா, ஒட்டுமுன் இதைத் துடைத்தாக வேண்டும்" என்றேன்.

"துடைக்கறதா? குருக்கள் கையால வெச்சது. கடைத் துணியால துடைக்கறதாவது?"

"துடைக்காவிடில் கண்ணாடி படியாது. அன்றியும், இது படக்கருவியின் கண்ணை மறைக்கிறது. நேர்காணலில் தங்கள் மகளின் முகம் தெரியாது."

"நீங்க பேசறது ரேடியோ நியூஸ் மாதிரின்னா இருக்கு" என்றார் மாமி. "அங்க வெச்சா நன்னா இருக்கும்னு சாமிக்குத் தெரியாதா?"

"சாமிக்குத் தெரியும், மாமி. கேமராவுக்குத் தெரியாதுல்லா" என்றார் செல்லத்துரை, கண்ணாடிப் பொதியைப் பிரித்துக்கொண்டே.

"அப்படின்னா பொட்டு மேலயே ஒட்டிடுங்கோ. உள்ளேயே பத்திரமா இருக்கும்."

இந்த இடத்தில் நான் பொறுமை இழந்தேன். எத்தனையோ ஆண்டுகளாகத் தூசியோடு போரிட்டு வரும் ஒருவனிடம், தூசியைப் பத்திரப்படுத்தித் தரச் சொன்னால் அவன் என்ன செய்வான்? குங்குமத்தின் இயல்பு பற்றியும், இறைவன் தூணிலும் துரும்பிலும் இருப்பது பற்றியும், ஆகவே துணியிலும் இருப்பார் என்பது பற்றியும் சற்று நீண்டதொரு விளக்கம் அளித்தேன். மாமி விடவில்லை. நானும் விடவில்லை.

இவ்வளவும் நடக்கும்போது மகள் ஓரமாக நின்றிருந்தாள். உம்மென்றிருக்கும் பெண் என்று எண்ணினேன். நடுவே அவள் செல்லத்துரையின் கையிலிருந்த பொதியைச் சுட்டி, இரு கைகளாலும் எதையோ விரைந்து சொன்னாள். கைகள் நெடுநேரம் பேசின. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"அவளுக்குக் காது கேக்காது, பிறவியிலேர்ந்து" என்றார் மாமி. "கையாலதான் பேசுவா. நீங்க எங்கிட்ட சொல்லுங்கோ, நான் சொல்லறேன்."

"இப்போது என்ன சொல்கிறாள்?"

"ஒண்ணுமில்லை. சீக்கிரம் போகணும்கறா."

அவ்வளவு நெடிய கையசைவுக்கு இவ்வளவு சிறிய பொருளா என்று எனக்கு ஓர் ஐயம் எழத்தான் செய்தது. ஆயினும் விட்டேன். என் உள்ளம் பொட்டில் இருந்தது. மாமி மீண்டும் குருக்களைப் பற்றித் தொடங்கினார். நான் மீண்டும் குங்குமத்தைப் பற்றித் தொடங்கினேன்.

அந்தப் பெண் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். எங்கள் வாய்கள் அசைவதைக் கண்டாள், ஒலி கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் இழப்பொன்றுமில்லை. மேசையருகே வந்தாள். மோதிர விரலால் திரையிலிருந்த பொட்டை வழித்தெடுத்தாள். அதைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். பின் விரலைத் தாயின் முன் நீட்டிக் காட்டினாள்.

குருக்கள் இட்டது இருக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது, துணி தேவைப்படவில்லை, சாமிக்கும் படக்கருவிக்கும் குறையில்லை.

"ம். அப்பறம் என்ன, ஒட்டுங்கோ" என்றார் மாமி, தாமே அம்முடிவை எடுத்தவர்போல.

எஞ்சிய துகளைச் செல்லத்துரை நீக்கினார்; ஒட்டினார். ஒரு குமிழி இல்லை, ஓர் இழை சாயவில்லை. வெற்றிக் களிப்பில் இருந்தோம். நெடிய சண்டை ஒன்று முடிந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாகத் தோன்றும், இளையோரே. அந்த வேளையில்தான் கவனமாக இருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முன் பொருளை உரியவர் கையில் திருப்பிக் கொடுக்கும் வழக்கத்தை அன்று நாங்கள் இருவருமே மறந்தோம். கொடுத்திருந்தாலும் மாமியின் கையில்தான் கொடுத்திருப்போம்.

ஒட்டியபின் அந்தப் பெண் அதைத் தானே எடுத்துக்கொண்டாள். காதருகே கொண்டுபோகவில்லை, கையில் வைத்துக்கொள்ளவுமில்லை. மேசைமேல் இருந்த உறைப்பெட்டியின்மீது நிமிர்த்திச் சாய்த்து வைத்தாள். முன்பக்கப் படக்கருவியை இயக்கினாள். பின் கடைக்குள் கிடந்த விசிப்பலகையின் ஒரு முனையில் அமர்ந்து, தாயை மறுமுனையில் அமரச் சொல்லிச் சுட்டினாள். இரு கைகளும் காலியாக இருந்தன; பேசுவதற்கு அவளுக்கு அவ்விரண்டும் வேண்டுமல்லவா. திறன்பேசி நடுவில் நின்றது.

அவள் இடத்திலிருந்து பார்த்தால் திரை கறுப்பு. மாமியின் இடத்திலிருந்து பார்த்தாலும் கறுப்பு. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றிருந்த செல்லத்துரைக்கு மட்டும் அது பளிச்சென்று தெரிந்தது.

அவள் தாயை நோக்கிக் கைகளால் பேசினாள். இம்முறை அசைவுகளில் கூர்மை இருந்தது. மாமியின் முகம் மாறியது.

"என்ன சொல்கிறாள், அம்மா?"

மாமி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னார். "முன்னாடியே சொன்னேனேங்கறா. இந்தக் கண்ணாடி வேண்டாம்னு."

சீக்கிரம் போகணும் என்பதாக எனக்கு மொழிபெயர்க்கப்பட்டது அதுதான்.

இனி இடையில் எவரும் வேண்டா என்று முடிவு செய்தேன். அந்தத் திறன்பேசியையே அவளிடம் நீட்டி, விரலால் எழுதுவதுபோல் சைகை காட்டினேன். தமிழை ஆங்கில எழுத்துகளால் எழுதினாள். அதற்காக வருந்தும் நேரம் அதுவன்று. அவள் எழுதியது இது: நேர்காணலில் அவளோடு, கைமொழியை வாய்மொழியாக மாற்றிச் சொல்லும் தோழி ஒருத்தி பக்கத்தில் அமர்வாள். அத்தோழி வீட்டுக்கு வந்து காத்திருக்கிறாள். கேள்வி கேட்பவர்களைத் தோழி பார்க்க வேண்டும். அவளும் பார்க்க வேண்டும். இருவருக்கும் தெரியாவிட்டால் அவளுக்கு நேர்காணலே இல்லை.

செல்லத்துரை கடிகாரத்தைப் பார்த்தார். "தாராவிக்குப் போயி சாதாக் கண்ணாடி எடுத்துட்டு வந்துருதேன், அண்ணாச்சி. வண்டி இருக்குல்லா."

"இந்த நெரிசலில் போய் வருவதற்குள் நேர்காணல் முடிந்துவிடும்."

"ரெண்டு பேரும் நெருக்கி உக்காந்துக்கலாமே" என்றார் மாமி. "சித்த அட்ஜஸ்ட் பண்ணிண்டா போறது. நான் வேணும்னா கையில பிடிச்சுண்டு ரெண்டு பேருக்கும் திருப்பித் திருப்பிக் காட்டறேன்."

தாயின் அன்பை நான் குறைகூறவில்லை. ஆனால் ஒரு வேலைக்கான நேர்காணலை, விசிறி வீசுவதுபோல் இருபுறமும் திருப்பிக் காட்டுவதை நினைத்துப் பாருங்கள்.

"எடுத்துவிடுங்கள்" என்றேன் செல்லத்துரையிடம்.

"எடுத்தா மறுபடி ஒட்டாது. நல்ல கண்ணாடி, அண்ணாச்சி."

"நல்ல கண்ணாடிதான். இவளுக்கு ஆகாத கண்ணாடி."

"வெறும் ஃபோனையா கையில குடுக்கப் போறேள்?" என்றார் மாமி. "இன்னிக்குத்தான் வாங்கினது. ஒரு கீறல் விழுந்துடுத்துன்னா?"

கீறல் விழக்கூடும் என்றுதான் நானும் அஞ்சினேன். காப்பு இல்லாத திரையோடு ஒரு வாடிக்கையாளரை வெளியே அனுப்புவதென்பது நம் தொழிலுக்கு அழகன்று. உங்களுள் பலர் அவ்வாறு செய்யவே மாட்டீர்கள். ஆனால் நாம் காப்பது எதை? கண்ணாடி ஒட்டாத திரை கீறினால் மாற்றிக்கொள்ளலாம். நான்கு மணி போனால் அவளுக்கு அது மீளாது. அவள் பக்கம் திரும்பினேன். ஒட்டியிருந்த கண்ணாடியைத் தொட்டு, உரித்தெடுப்பதுபோல் காட்டி, புருவத்தை உயர்த்தினேன். மாமியைப் பார்க்கவில்லை. அவள் தலையசைத்தாள்.

செல்லத்துரை மூலையிலிருந்து மெல்ல நெம்பி எடுத்தார். அந்தப் பெண் மீண்டும் திறன்பேசியைச் சாய்த்து வைத்தாள், விசிப்பலகையின் முனையில் அமர்ந்தாள். மறுமுனையில் மாமி. திரையில் இருவர் முகங்களும் தெரிந்தன. மகள் நெற்றியில் குங்குமம் தெரிந்தது. மாமி அந்தப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் கோணலா இருக்கு" என்று சொல்லித் தம் விரலால் சரிசெய்துவிட்டார். பின் திறன்பேசியைப் புடவைத் தலைப்பில் சுற்றி, அணைத்துப் பிடித்துக்கொண்டு, வழியில் நின்றவர்களை "சைட், சைட்" என்று விலக்கியபடி மகளோடு போய்விட்டார்.

அன்று மாலை முழுதும் செல்லத்துரை அந்தப் பாழான கண்ணாடியைக் கையில் வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நேரா பாக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும், என்ன, அண்ணாச்சி" என்றார். நான் எரிச்சலில் இருந்தேன். எவர்மீது என்று சொல்ல வேண்டுமா?

இதிலிருந்து நீங்கள் கொள்ள வேண்டியது யாது? பொட்டைத் துடைக்காதீர்கள் என்று கொள்வீர்கள், உங்களை அறிவேன். அதுவன்று. கடைக்கு வருபவர் இருவராக இருப்பின், பேசுபவர் ஒருவராகவும் பயன்படுத்துபவர் மற்றொருவராகவும் இருக்கக்கூடும். முலுண்டிலிருந்து தந்தைக்காக மகன் வருவான்; காட்கோபரிலிருந்து மனைவிக்காகக் கணவன் வருவான்; எல்லாம் தமக்குத் தெரியும் என்பார்கள். பொருளை வாய் திறந்தவரிடம் திருப்பிக் கொடுக்காதீர்கள். எவர் கை அதைப் பிடிக்கப் போகிறதோ அந்தக் கையில் கொடுங்கள். பிறகு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். ஊதுவதற்கும் அப்போது வாய்ப்பிராது.

சில வாரங்கள் கழித்து அந்தப் பெண் தனியாக வந்தாள். கழுத்தில் ஓர் அலுவலக அடையாள அட்டை தொங்கியது. திரையில் கீறல் ஏதுமில்லை, பொட்டும் இல்லை. முன்னதாகவே எழுதி வைத்திருந்ததை என்முன் நீட்டினாள்: "சாதாக் கண்ணாடி. அம்மா கேட்டால் பிரைவசி என்று சொல்லிவிடுங்கள்."

ஒட்டுவதற்கு முன் திறன்பேசியை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்பதுபோல் பார்த்தாள். பிறகு சிரித்துக்கொண்டே உறைப்பெட்டியின்மீது சாய்த்து வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

போகும்போது விரல்நுனிகளால் மோவாயைத் தொட்டு, கையை என்பக்கம் நீட்டினாள். நன்றி என்று நான் கொண்டேன். செல்லத்துரை ஒப்பவில்லை. "அண்ணாச்சி, தாடிய மழிங்கன்னு சொல்லுதா" என்றார். அன்று நான் மழிக்காமல் வந்திருந்தது உண்மை.

இக்குறிப்பில் அவளுடைய கையசைவுகளுக்கு நான் தந்திருக்கும் பொருள் சில இடங்களில் அவள் தாய் சொன்னது; சில இடங்களில் என் ஊகம். மாமியை நம்பி ஒருமுறை தவறினோம். என்னை மட்டும் நம்புவானேன்? உங்களுள் கைமொழி அறிந்தவர் எவரேனும் இருப்பின், பிழைகளைத் தயங்காமல் திருத்தித் தருக. முதலில் அந்தக் கடைசி அசைவைத் திருத்துங்கள். செல்லத்துரை இன்னும் விடுவதாக இல்லை.